பத்தொன்பது மாத்திரைகள்

எல்ஸ்பெத் மாத்திரையைச் சாஸரில் வைத்துக் கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தினாள். அது இரண்டாக உடைந்தது. ஒரு பாதி துள்ளிப் போய் மேசைவிரிப்பில் விழுந்தது. அதை விரல் நுனியில் ஒற்றியெடுத்து மறுபடியும் சாஸரில் போட்டு, பொடியாகும்வரை தேய்த்தாள். நேற்று வேகவைத்த ஆப்பிள் கூழில் ஒரு கரண்டி எடுத்து அதில் கலந்தாள். மணி ஏழு ஐம்பது. மாத்திரை எட்டு மணிக்கு. ஐந்து மாதத்தில் ஒருநாளும் எட்டைத் தாண்டியதில்லை.

கூடத்தில் ஜன்னலோரம் போட்டிருந்த வாடகைக் கட்டிலில் ஆல்வின் கிடந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இப்போது இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் செவிலி மிரியேட்டா, குச்சியில் கோத்த ஈரப் பஞ்சால் அவர் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். எல்ஸ்பெத் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து, வழியில் நின்றாள்.

“வேண்டாம்மா. நேத்தே முழுங்கலையே. இப்பக் குடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.”

“கொஞ்சம்தான். நாக்கு நுனியில வச்சாப் போதும்.”

“இனிமே இது ஒண்ணும் செய்யாதும்மா.”

“தெரியும்,” என்றாள் எல்ஸ்பெத். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

மிரியேட்டா அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக் கிண்ணத்தை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். பிடுங்கிவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்; உடனே பேச்சை மாற்றினாள். இந்த வீட்டுக்கு வருவதென்றால் தனக்கு எப்போதும் சந்தோஷம் என்றாள். போன மாதம்கூட, தன் உடம்பில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னதைச் சொன்னாள்.

“‘நீ முப்பத்தெட்டு லிட்டர் தண்ணி, பாக்கியெல்லாம் வாய்’னு சொன்னார்மா. சிரிச்சுச் சிரிச்சு என்னால ரத்த அழுத்தமே பார்க்க முடியல. எப்பவுமே இப்படித்தானா உங்க வீட்டுக்காரர்?”

சமையலறை வாசலில் மகள் ரெகுலா காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள். பெர்னிலிருந்து வந்து இரண்டு நாளாகிறது.

“ஆமா,” என்றாள் எல்ஸ்பெத். “எப்பவுமே.”

ரெகுலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கழுவப் போனாள்.

ஆல்வின் கேகி முப்பத்தாறு வருடம் அந்த ஊரின் குடிநீரைப் பார்த்துக்கொண்டவர். மலைச்சரிவில் இருக்கும் நான்கு ஊற்றுகள், மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, எழுநூறு வீட்டுக் குழாய்கள். எங்கே நிலத்துக்கடியில் கசிகிறது என்று இரும்புக் கம்பியை ஊன்றிக் காதை வைத்துக் கேட்டுச் சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதிலோ, அவர்களோடு பேசுவதிலோ அவருக்கு அத்தனை ஈடுபாடு இருக்கவில்லை. காலையில் போவார், மாலையில் வருவார், சூப்பைக் குடிப்பார், வானொலியில் வானிலை கேட்பார், படுப்பார். சுபாவமே அப்படி என்று ஊர் சொன்னது. எல்ஸ்பெத்தும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஏப்ரலில் மேல்தொட்டியின் கதவைப் பூட்டும்போது வலிப்பு வந்து விழுந்தார். மூளையில் கட்டி. ஜூரிச்சின் பெரிய மருத்துவமனையில் அறுவை செய்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். செப்டம்பரில் கட்டி மறுபடியும் தலைகாட்டியது.

அப்போதுதான் டாக்டர் ஃபோக்ட் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். நடுவயதுப் பெண், நிதானமாகப் பேசுபவள். புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதே இல்லை என்றாள். ஆனால் மனநோய்க்காகச் செய்த மாத்திரைகள் மூளைக்குள் நுழைவதற்கென்றே செய்தவை. அவற்றையெல்லாம் எடுத்து, கட்டியிலிருந்து வெட்டியெடுத்த செல்களின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் கட்டியின் செல்களை அடக்குவது கண்ணாடித் தட்டில் தெரிந்தது. மனிதரிடம் அது நடக்குமா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

“பழைய மருந்துக்குப் புது வேலை கொடுத்துப் பார்க்கிறோம்,” என்றாள். “நான் எதுக்கும் உறுதி சொல்லமாட்டேன். ஆனா இது ரொம்ப வருஷமா லட்சக்கணக்கானவங்க சாப்பிடற மாத்திரை. அந்த விதத்துல பயமில்ல.”

ஆல்வின் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குக் காரை எல்ஸ்பெத் ஓட்டினாள். தோஸ் ஆற்றை ஒட்டியே போகும் சாலை. யார் கேட்டாலும் புற்றுநோய்க்கான மருந்து என்று மட்டும் சொன்னால் போதும், அது உண்மையும்கூட என்று அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆல்வின் மடியிலிருந்த மாத்திரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

“எல்ஸ்பெத்,” என்றார். “இந்தத் தடவை சாப்பிடலாமில்ல?”

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் அனுமதிதான் கேட்டார்.

“டாக்டர் சொன்னா சாப்பிட வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டு அவள் சாலையையே பார்த்து ஓட்டினாள்.

தொண்ணூற்றேழாம் வருடக் குளிர்காலத்தில் ஆல்வின் படுக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தார். சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை. காரணம் கேட்டால் தெரியவில்லை என்றார். ஊர் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்து, மனச்சோர்வு என்று சொல்லி, தன் பையிலிருந்தே மாத்திரை எடுத்துக் கொடுத்தார். தினம் ஒன்று, மூன்று வாரம் பொறுங்கள் என்றார். எல்ஸ்பெத் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், ஆல்வினுக்கு முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது, அசையவே கூடாதாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். வழியில் யோசித்து வைத்த பொய்.

பத்தொன்பதாம் நாள் காலையில், மரக்கதவு அடைத்த ஜன்னலைப் பார்த்தபடியே ஆல்வின் கேட்டார்: “மேல்தொட்டிகிட்ட பனி எவ்வளவு இருக்கும்?” இரண்டு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. எல்ஸ்பெத் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தேவாலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்கு அவள் பாடிக்கொண்டேதான் போனாள்.

அங்கே, டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் அவள் கையை மெல்லத் தொட்டு, “மாத்திரை ஒத்துக்குதா?” என்று கேட்டாள். இரக்கமாக, தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். பக்கத்தில் இருவர் திரும்பினார்கள். எல்ஸ்பெத்துக்குக் காதுமடல் வரை எரிந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியில் மீதியிருந்த மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். அவர்தான் தேறிவிட்டாரே, இனி எதற்கு என்று ஆல்வினிடம் சொன்னாள். “ஊருக்குத் தண்ணி குடுக்கற ஆள் தலைக்கு மாத்திரை சாப்பிடறான்னு தெரிஞ்சா, ஒருத்தரும் குழாயைத் திறக்கமாட்டாங்க.”

“சரி,” என்றார் ஆல்வின்.

மறுபடியும் படுக்கையில் விழுந்தார். மார்ச் மாதம், மாத்திரை இல்லாமலே, எப்படியோ எழுந்து வேலைக்குப் போனார். பனியைப் பற்றிக் கேட்ட மாதிரி இன்னொரு கேள்வி அவர் வாயிலிருந்து வர இருபத்தேழு வருடம் ஆனது.

அக்டோபரில் ஆய்வு மாத்திரையைத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். காலையில் எல்ஸ்பெத் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது, “ராத்திரி என்ன கனவு கண்டே? சிரிச்சியே,” என்றார். அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அதன்பிறகு அவர் நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் மாவு பிசைந்து பின்னல் ரொட்டி சுட்டார். பின்னல் கோணலாக வந்தால் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை வைத்தார். சீட்டாட்டத்தில் ஏமாற்றினார், பிடிபட்டபோது கட்டியின்மேல் பழி போட்டார். ரெகுலாவுக்குத் தொலைபேசி செய்து, “ஒண்ணுமில்ல, சும்மாத்தான்” என்றார். மறுமுனையில் ரெகுலா பயந்துபோய் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். ஒருமுறை கூடத்து நடுவில் எல்ஸ்பெத்தின் இடுப்பில் கைவைத்து, வானிலை அறிவிப்புக்கு முன்னால் வரும் இசைக்கு மூன்று அடி ஆடினார்.

இது மாத்திரையா, இல்லை கட்டி அவர் குணத்தை மாற்றுகிறதா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். இரண்டும் இருக்கலாம், வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தாகவும் இருக்கலாம், தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர் ஃபோக்ட். எல்ஸ்பெத் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நாள் காலையை டாக்டர் பார்த்ததில்லை.

டிசம்பரில் கட்டி அப்படியே இருந்தது. பிப்ரவரியில் வளர்ந்திருந்தது. ஆய்வில் அவர் பங்கு முடிந்தது என்றார்கள். விரும்பினால் மாத்திரையைத் தொடரலாம் என்றார்கள். அவள் தொடர்ந்தாள். மணம் முடித்த நாற்பத்து மூன்று வருடத்தில் அந்த ஐந்து மாதம்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள். கணவன் செத்துக்கொண்டிருக்கும்போது காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும் பெண்ணாக இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்: நான்தான் அன்னைக்கு நிறுத்தினேன், நீ இப்படி இருந்திருக்கலாம். சொன்னால் அந்த ஒரு சாயங்காலம் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டாள். ஒவ்வொரு சாயங்காலத்தையும் அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது அவர் காதருகே குனிந்தாள். மிரியேட்டா மறுபக்கம் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். “ஆல்வின்,” என்றாள். அதற்குமேல் வரவில்லை. மூன்றாம் ஆள் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமா என்று யோசித்ததை அவளே கவனித்தாள். இப்போதும்கூட.

பிற்பகல் இரண்டு இருபதுக்கு ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. மிரியேட்டா சற்றுக் காத்திருந்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். திட்டிலிருந்த கிண்ணத்தில் கூழ் பழுப்பாகியிருந்தது. உருகும் பனியின் தண்ணீர் கூரையிலிருந்து ஒழுகும் சத்தம் உள்ளே வந்தது. ரெகுலா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து போர்வைக்கு மேலாக அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்ஸ்பெத் சமையலறைக்குப் போய் சாஸரைக் கழுவினாள். கழுவிய பிறகும் தண்ணீரை மூடவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் போதகர் ஹோட்ஸ் சைக்கிளில் வந்தாள். நாற்பது வயதுகூட ஆகாத பெண்; தலைக்கவசத்தைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, எல்ஸ்பெத்தின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை தேவாலயத்தில் படிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு பற்றிப் பேச வந்திருந்தாள். இறந்தவரின் வீட்டார் எழுதித் தருவதைப் போதகர் ஊரார் முன் படிப்பார். எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், எதைக் கடந்து வந்தார். இரண்டு பக்கம் போதும்.

ரெகுலா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். ரயில் நேர அட்டவணை போடும் வேலை அவளுக்கு. எதையும் வரிசையாக எழுதுவாள். சமையலறை மேசையில் கணினியை வைத்துப் படித்தாள். பிறப்பு, நான்கு சகோதரர்கள், குழாய்த் தொழில் பயிற்சி, பட்டாளத்தில் சமையல், எல்ஸ்பெத்தைச் சந்தித்த நடன நிகழ்ச்சி. தொண்ணூறில் தான் பிறந்தது. பிறகு:

“‘தொண்ணூற்றேழாம் வருடக் குளிர்காலத்தில் முதுகில் வட்டு விலகி மூன்று மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். ஒருமுறைகூட முனகவில்லை. அந்த வலியை அவர் வாழ்நாள் முழுவதும் பேசாமல் சுமந்தார்.’”

“இது நல்லா இருக்கு,” என்றாள் போதகர். “அவரை அறிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். இல்லையா கேகி அம்மா?”

எல்ஸ்பெத் காபி ஊற்ற எழுந்தாள். மூவர் கோப்பையும் நிறைந்துதான் இருந்தது. சர்க்கரையைப் போதகர் பக்கம் நகர்த்தினாள். ஆமாம் என்று சொன்னாளா, வெறுமனே தலையசைத்தாளா என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

போதகர் போன பிறகு ரெகுலா கணினியை மூடவில்லை. அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா. சிரிக்காதே.”

“கேளு.”

“அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் அப்பா முதுகுல ஏறிக் குதிரை ஆடினேன். மாடிப்படி மேலேருந்து தாவி ஏறினேன். அப்பா தரையில விழுந்தார். நினைவிருக்கா?”

எல்ஸ்பெத்துக்கு நினைவில்லை.

“அடுத்த வாரம் படுத்துட்டார். நீ வந்து, அப்பா முதுகைத் தொடாதேன்னு சொன்னே.” ரெகுலா சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. “அப்பவே தெரியும், என்னாலதான்னு. யார்கிட்டயும் சொல்லல. அதுக்கப்புறம் அவர் பேசாததெல்லாம் என்மேல இருக்கற கோவம்னு நினைச்சுக்கிட்டேன். டிசம்பர்ல போன்ல ‘சும்மாத்தான் கூப்பிட்டேன்’னாரே, அன்னைக்குத்தான் மன்னிச்சுட்டார்போலன்னு அழுதேன். முப்பத்தஞ்சு வயசுல. என்னாலதானா அம்மா?”

எல்ஸ்பெத் தன் கைகளைப் பார்த்தாள். ஏழு வயதுப் பெண் அந்தக் குளிர்காலம் முழுவதும் மாடிப்படியில் காலுறையோடு மட்டுமே, சத்தமில்லாமல் நடந்தது ஞாபகம் வந்தது. எவ்வளவு சமத்து என்று பாடகர் குழுவில் அவள் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

“முதுகுக்கு ஒண்ணுமே ஆகல,” என்றாள்.

பிறகு சொன்னாள். வேகமாக, மேசைவிரிப்பின் கோடுகளைப் பார்த்தபடி, எதையும் மிச்சம் வைக்காமல். டாக்டர் வந்தது, ஊராட்சியில் சொன்ன பொய், பனியைப் பற்றிய கேள்வி, பாடகர் குழுவில் கையைத் தொட்ட பெண், அடுப்பு, காரில் ஆல்வின் கேட்டது. முடிந்ததும் ரெகுலா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எத்தனை நாள் சாப்பிட்டார்?”

“பத்தொன்பது.”

“அதுல தேறினார்.”

“தேற ஆரம்பிச்சார்.”

“நீ பார்த்தே.”

“பார்த்தேன்.”

ரெகுலா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னலருகே போனாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஆள் தெரிந்ததும் கையசைத்தாள். ரெகுலாவும் கையசைத்தாள்.

“இப்போ குறிப்புல என்ன எழுதட்டும்?” என்று திரும்பாமலே கேட்டாள்.

உண்மையை எழுது என்ற இரண்டு சொற்கள் எல்ஸ்பெத்தின் நாக்கு வரை வந்தன. தேவாலயத்தின் முன்வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் இருநூறு பேர்.

“உன் இஷ்டம்,” என்றாள்.

சொன்ன அந்த நொடியே தெரிந்தது, பெண்ணின் தலையில் இரண்டாம் முறையாகப் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டோம் என்று. ரெகுலா கணினியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். புதன்கிழமை வரை இருவரும் பூக்கள், சாப்பாடு, யார் யாருக்கு அட்டை அனுப்புவது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள். செவ்வாய் அன்று, குறிப்பைப் போதகருக்கு அனுப்பிவிட்டேன் என்றாள் ரெகுலா. என்ன எழுதினாள் என்று எல்ஸ்பெத் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம்தான்.

புதன்கிழமை காலை சாம்பல் கலசத்தைப் புதைத்துவிட்டு எல்லோரும் தேவாலயத்துக்குள் வந்தார்கள். நிற்க இடமில்லை. எல்ஸ்பெத் வழக்கமாக நிற்கும் இடம் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் காலியாக விடப்பட்டிருந்தது. போதகர் ஹோட்ஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

பிறப்பு. நான்கு சகோதரர்கள். பட்டாளத்துச் சமையல். இதற்குக் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. நடன நிகழ்ச்சி. தொண்ணூறு. எல்ஸ்பெத் கையுறைகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்துக்கொண்டு காத்திருந்தாள். பின்கழுத்தில் இருநூறு பேரின் பார்வையும் ஏற்கெனவே விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

“தொண்ணூற்றாறில் கீழ்த்தொட்டியைப் புதிதாகக் கட்டும் பொறுப்பை ஏற்றார்,” என்று படித்தாள் போதகர். “இரண்டாயிரத்து மூன்றில், நாட்டையே வாட்டிய அந்தக் கோடையில், ஊரில் ஒரு நாளும் தண்ணீர் நிற்கவில்லை.”

அவ்வளவுதான். பொய் எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு எதுவும் வைக்கப்படவில்லை.

எல்ஸ்பெத்தின் தோள் தானாக இறங்கியது. நிம்மதி என்று அதற்குப் பெயர் என்பது சற்று கழித்தே உறைத்தது. உறைத்ததும் அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பக்கத்தில் ரெகுலா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எண்ணைக் காட்டி, அம்மாவின் மடியில் வைத்தாள். எல்ஸ்பெத்துக்குக் குரல் வரவில்லை. ரெகுலா இருவருக்குமாகப் பாடினாள்.

சாப்பாடு ஊர் விடுதியின் பெரிய கூடத்தில். இறைச்சித் தட்டு, உருளைக்கிழங்கு சாலட், உள்ளூர் வெள்ளை ஒயின். முதல் கோப்பை வரை எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். இரண்டாவதில் ஆல்வினின் கதைகள் வெளிவந்தன. கசிவு தேடிப் போய் ஊராட்சித் தலைவரின் ரோஜாப் பாத்தியைத் தோண்டியது. அவர் பேசியதாக எல்லோருக்கும் நினைவிருந்த அந்த ஒரே ஒரு கூட்டம். ரெகுலா மேசையின் மறுமுனையில், சித்தப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

எல்ஸ்பெத்துக்கு எதிரே பெர்ச்சி. ஊராட்சியின் பழைய பணியாள், எழுபத்தெட்டு வயது. அவர் பக்கத்தில் மனைவி ஹன்னி. பெர்ச்சி இரண்டு துண்டு இறைச்சியை முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“எல்ஸ்பெத், கோவிச்சுக்காதே. குறிப்பு நல்லாத்தான் இருந்துது. ஆனா என்னை அதுலேருந்து தள்ளிட்டீங்களே.”

“உன்னையா?”

“அந்தக் குளிர்காலம். ஆல்வின் முதுகு போய்ப் படுத்தாரே. மூணு மாசம் மேல்தொட்டிக்கு நான்தானே போனேன், இடுப்பளவு பனியில. அவர் செத்த பிறகாவது என் பேரு தேவாலயத்துல கேக்கும்னு பார்த்தேன்.” பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். “உம் பொண்ணுக்கு அப்ப வயசு பத்தாது, மறந்திருப்பா.”

“முதுகைச் சொல்லாம விட்டது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது,” என்றாள் ஹன்னி. “எத்தனை பட்டை பின்னிக் குடுத்திருப்பேன்? நாலு இருக்கும். கம்பளியில, இடுப்பைச் சுத்திக் கட்டிக்கறதுக்கு. பார்க்கறப்பல்லாம் மேல்சட்டையைத் தூக்கிக் காமிப்பார், பாவம். ‘கட்டியிருக்கேன் ஹன்னி, கட்டியிருக்கேன்’னு. அவர் என்கிட்டப் பேசினது அது ஒண்ணுதான்.”

இருபத்தேழு குளிர்காலம். எல்ஸ்பெத் சொன்ன பொய்யை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மனிதர் மலை ஏறியிருக்கிறார். வீட்டில் பின்கட்டில் மாட்டியிருக்கும் அந்தப் பட்டையை அவள் எத்தனையோ முறை துவைத்திருக்கிறாள். எதற்கு இன்னும் கட்டிக்கொள்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஹன்னி சாலட்டைப் பரிமாறிக்கொள்ளத் திரும்பினாள். பேச்சு வேறு பக்கம் போகத் தயாராக இருந்தது. எல்ஸ்பெத் சும்மா இருந்தால் போதும்.

“முதுகு இல்ல, பெர்ச்சி,” என்றாள்.

“என்னது?”

“வட்டு விலகல. அது நான் சொன்ன பொய். மனசுதான் சரியில்லாம படுத்தார். மாத்திரை குடுத்தாங்க. சரியாகிட்டும் வந்துது. வெளியில தெரிஞ்சா வெக்கம்னு நான் நிறுத்திட்டேன்.”

பெர்ச்சி அவளைப் பார்த்தார். பிறகு தன் தட்டைப் பார்த்தார். ஓரத்திலிருந்த ஊறுகாய் வெள்ளரித் துண்டை முள்கரண்டியால் நடுவுக்குத் தள்ளினார். அவர் கழுத்து சிவந்துபோயிருந்தது, ஏதோ அவர்தான் செய்துவிட்ட மாதிரி.

“என்ன சொல்றா?” என்று ஹன்னி அவரைக் கேட்டாள். “என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”

“வீட்டுக்குப் போய் வேண்டாம்,” என்றாள் எல்ஸ்பெத். “நானே சொல்றேன்.”

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. அடுத்த மேசையில் பாடகர் குழுப் பெண்கள் இருவர் திரும்பினார்கள். மறுமுனையில் சித்தப்பா எதையோ சொல்லிக்கொண்டிருக்க, ரெகுலா அவர் கையின்மேல் தன் கையை வைத்து நிறுத்தினாள். எல்ஸ்பெத்தின் காதுமடல்கள் எரிந்தன. அவள் ஒயின் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

ஹன்னி, நடுவில் இருந்த ரொட்டிக் கூடையை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் சாய்ந்தாள்.